நாய் அடித்த மணி

அத்தியாயம் பதினொன்று

போன வாரம் சாராவைத் தபால் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்க வைத்துவிட்டு நான் பாட்டுக்குப் போய்விட்டேன் என்று உங்களில் பல பேர் எழுதித் திட்டியிருக்கிறீர்கள். 'அந்தப் பெண் பதிலைப் போட்டாளா இல்லையா, ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை' என்று ஒரு வாசகி. சோறு இறங்கட்டும் அம்மா, அவள் போடவில்லை. மெட்ராஸிலிருந்து வந்த கடிதம் இன்னும் அவள் கைப்பையில்தான் இருக்கிறது.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்கு நாலு வரி. கோலார் தங்கவயலில், நந்திதுர்க் சுரங்கத்துத் தொழிலாளர் லைன் வீடு ஒன்றில் இருக்கிற சாரா பகலில் பள்ளிக்கூட டீச்சர். யாருக்கும் தெரியாமல் 'சம்பங்கி' என்ற பெயரில் ஒரு மெட்ராஸ் டைரக்டருக்குத் தபாலிலேயே சினிமா வசனம் எழுதிக் கொடுத்தாள். படம், 'குரைக்கும் குடும்பம்'. மலை பங்களாவில் நாய்கள் பேசுகிற வேடிக்கைக் கதை.

நாய் எப்படிப் பேசும்? சாரா மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டாள். கடைசியில் அவளுக்கு நன்றாகத் தெரிந்த பேச்சு அவள் வீட்டுப் பேச்சுதான் என்று ஆகிவிட்டது. மேஜர் என்கிற கிழட்டு நாய்க்கு அப்பாவின் வாயைக் கொடுத்தாள். ராணி என்கிற தாய் நாய்க்கு அம்மாவின் வாயைக் கொடுத்தாள்.

இப்போது அந்த டைரக்டர் அடுத்த படத்துக்கும் அவளையே கூப்பிடுகிறார். மெட்ராஸில் ஆறு மாதம் தங்கி எழுத வேண்டும். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அப்பா சரி என்று சொல்லாமல் சாரா போகமாட்டாள். அப்பாவிடம் கேட்க வேண்டுமானால், அவரை நாயாக்கிய கதையை முதலில் சொல்லியாக வேண்டும். அங்கேதான் அவள் மாட்டிக்கொண்டு நிற்கிறாள்.

இந்த லட்சணத்தில், இன்றைக்கு வெள்ளிக்கிழமை, படம் தங்கவயலுக்கே வருகிறது!

*

சாராவின் அம்மா நேசமணிக்கு ஐம்பத்திரண்டு வயது. இதுவரை சினிமா கொட்டகைக்குள் கால் வைத்ததில்லை. சபையில் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள், அவளும் போனதில்லை. ஆனால் சினிமா விமர்சனம் படிக்கக் கூடாது என்று எந்தப் போதகரும் பிரசங்கம் பண்ணவில்லையே! அந்தச் சந்தில் நேசமணி நுழைந்துவிட்டாள். பங்காருப்பேட்டையிலிருந்து காலை வண்டி கொண்டுவருகிற பத்திரிகை ஒன்றையும் விடமாட்டாள். பார்க்காத படத்தைப் பற்றி அவளிடம் வாய் கொடுத்து மீண்டவர்கள் அந்த லைனில் கிடையாது. "பாட்டு அஞ்சாவது ரீல்ல வந்திருக்கணும். அவசரப்பட்டு மூணுலயே போட்டு கெடுத்துட்டான்" என்பாள், கத்தரிக்காய் அரிந்துகொண்டே.

அன்று காலை குழாயில் பேத்தமங்களா ஏரித் தண்ணீர் வந்து நின்றது. கடைசிக் குடத்தை இறக்கி வைத்துவிட்டு நேசமணி கையைத் துடைத்தாள்.

"சாரா, புஸ்தகம் வந்துச்சா?"

"இன்னும் வரலம்மா."

"கண்ணாடிக்குப் பின்னால சொருகி இருக்குதே, அது இன்னா?"

சாரா கை நீட்டுவதற்குள் நேசமணியே போய் உருவினாள். ஒன்றல்ல, மூன்று. ஒரு தினசரி, இரண்டு வாரப் பத்திரிகை. மூன்றிலும் ஒரே படம்.

"அட, நாய்ப் படம்! இதைப் போய் ஏன்டி ஒளிச்சு வெச்சே?"

நின்றபடியே படிக்க ஆரம்பித்தாள். தினசரிக்காரர் தாராளமாக எழுதியிருந்தார்: 'பக்கத்து சீட்டுக்காரர் சிரித்த சிரிப்பில் அவர் கண்ணாடி கீழே விழுந்து உடைந்தது. குனிந்து தேடக்கூட அவருக்கு நேரமில்லை. நாய்கள் நடித்திருக்கின்றன, மனிதர்கள் வந்து போகிறார்கள்.'

"நல்லா எழுதறான்" என்று தலையாட்டினாள் நேசமணி.

அடுத்தவர் குறை கண்டுபிடிக்கிறவர். 'இன்னா என்று கேட்கிற நாயை நான் எந்த மலை பங்களாவிலும் பார்த்ததில்லை. கிழ நாய் இரண்டு தடவை குரைத்ததும் குழந்தைகள் ஏறிய ட்ராலி சரிவில் இறங்குகிறதே, ஏன் இரண்டு என்று டைரக்டருக்குத்தான் வெளிச்சம். ஆனாலும் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போகலாம், பெரியவர்கள் அவர்கள் பேரைச் சொல்லிச் சிரித்துக்கொள்ளலாம்.' இதை நேசமணி மனசுக்குள்ளேயே படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினாள். "இவனுக்கு வயிறு சரியில்ல. ஆனா உள்ளுக்குள்ள புடிச்சிருக்குது" என்றாள்.

மூன்றாவதை வாய்விட்டுப் படித்தாள்.

"'வாய் அசைய வேண்டும் என்பதற்காக நாய்களுக்கு மெல்லுவதற்கு வெல்லக்கட்டி கொடுத்திருக்கிறார்கள், அது தெரிகிறது. தெரிந்த பிறகும் அவை பேசுவதாகவே நம்பினேன். காரணம் வசனம். யார் இந்த சம்பங்கி? குட்டிகள் எல்லாம் தின்று முடித்த பிறகு தாய் நாய் ராணி கேட்கிறது: எல்லாருக்கும் ஆச்சா? மிச்சம் இருந்தா எனக்கு. இல்லன்னா சட்டி இருக்குது...'"

நேசமணி நிறுத்தினாள்.

முந்தின நாள் ராத்திரி சாப்பாட்டில் அவள் இதையேதான் சொன்னாள். அதற்கு முந்தின நாளும் சொன்னாள். கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

சாரா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த நாய்க்கு குட்டி எத்தினி?" என்று கேட்டாள் நேசமணி.

"நாலும்மா."

"நல்ல நாயா?"

"ரொம்ப நல்ல நாய்ம்மா."

"மெட்ராஸ்ல இதுக்கு சிரிச்சாங்களா?"

"மொதல்ல சிரிச்சாங்களாம். அப்புறம் பொம்பளைங்க பக்கத்துல மூக்கை உறிஞ்சற சத்தம் கேட்டுதாம். கீழே போட்டிருக்குது பாரு."

நேசமணி கீழே பார்த்தாள். போட்டிருந்தது. கொஞ்ச நேரம் அந்த வரியிலேயே நின்றாள். முப்பது வருஷமாகச் சட்டியை வழித்துத் தின்றதை யாரோ ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. சந்தோஷமா, வெட்கமா, அவளுக்கே பிடிபடவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நீயாடி சம்பங்கி?"

"ஆமாம்மா." மெட்ராஸ் கடிதத்தையும் எடுத்துக் காட்டினாள்.

நேசமணி அதையும் படித்தாள். பிறகு திடீரென்று நினைவு வந்தவளாக நிமிர்ந்தாள். "நான் தாய் நாய். சரி. உங்கப்பா?"

"கிழட்டு நாய்."

"ஆண்டவரே!" என்று நேசமணி கோணிமேல் உட்கார்ந்துவிட்டாள்.

*

சாராவின் அப்பா ஏசுபாதத்தைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன், பிறகு நேரமிருக்காது. முப்பத்தொரு வருஷம் நந்திதுர்க் ஷாப்ட்டில், அதாவது சுரங்கக் கிணற்று வாயில் நின்று மணி அடித்தவர். பூமிக்குள்ளே ஆட்களை இறக்குகிற கேஜ் அவர் மணி சொன்னபடிதான் நகரும். கேஜை ஓட்டுகிற எஞ்சின் டிரைவர் தூரத்தில் எஞ்சின் வீட்டுக்குள்ளே உட்கார்ந்திருப்பார். கேஜில் இருப்பது ஆளா, கல்லா என்று அவருக்குத் தெரியாது. மணிதான் சொல்ல வேண்டும்.

மூன்று அடித்தால், ஆள் ஏறியிருக்கிறது. டிரைவர் அதே மூன்றைத் திருப்பி அடிப்பார். அது வந்து சேர்ந்த பிறகு இரண்டு அடித்தால், இறக்கு. ஓடும்போது ஒன்று அடித்தால், நிறுத்து. முதல் மூன்றை விட்டுவிட்டு வெறும் இரண்டு அடித்தால் டிரைவர் கல் என்று நினைத்துக் கல்லின் வேகத்தில் விட்டுவிடுவார். ஆளுக்கு ஒரு வேகம், கல்லுக்கு ஒரு வேகம்.

ரிடையர் ஆகி மூன்று வருஷமாகியும் மனுஷன் விடவில்லை. வீட்டை விட்டுக் கிளம்பும்போது நிலைப்படியில் தடியால் மூன்று தட்டுவார். உள்ளேயிருந்து நேசமணி கரண்டியால் மூன்று தட்ட வேண்டும். பிறகு இரண்டு தட்டிவிட்டுத்தான் படி இறங்குவார். சர்ச்சுக்குக் கிளம்பினாலும் இதே கூத்துதான். அக்கம்பக்கத்தில் சிரிக்காதவர்கள் இல்லை.

அன்று பதினோரு மணிக்கு பஜாரிலிருந்து அவர் வந்த வேகத்தைப் பார்த்ததும் நேசமணி மூன்று பத்திரிகையையும் கோணிக்கடியில் தள்ளினாள்.

"இன்னாமே, சோத்தை சீக்கிரம் போடு. மேட்னிக்குப் போறேன்."

"நீங்களா? எந்தப் படத்துக்கு?"

"நாய்ப் படம். சிரில் நேத்து ரீல் ஓட்டிப் பாத்தானாம். 'அண்ணே, அதில ஒரு கிழட்டு நாய் கீது, அச்சு அசல் உங்க பேச்சு'ன்றான். எவன் என் பேச்சைத் திருடினவன்னு பாத்துட்டு வரேன்."

சிரில் யார் என்று கேட்பீர்கள். டாக்கீஸ் ஆபரேட்டர். அதற்கு முன்னால் பன்னிரண்டு வருஷம் நந்திதுர்க்கில் எஞ்சின் டிரைவர், ஏசுபாதத்தின் மணிக்கு மறுமணி அடித்தவர். கண் டெஸ்ட்டில் தேறவில்லை என்று சுரங்கத்தில் வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். சினிமாக்காரர்கள் கூப்பிட்டுப் படம் ஓட்டச் சொல்லிவிட்டார்கள். இதற்கு என்னத்தைச் சொல்ல!

"அது சுமாரான படமாம். விமர்சனம் படிச்சேன்" என்றாள் நேசமணி. பார்க்காத படத்தைப் பற்றி அவள் பொய் சொன்னது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

"ஓகோன்னு இல்ல எழுதியிருக்கான். டீக்கடையில உரக்கப் படிச்சாங்க."

"டீக்கடையில படிக்கறவங்களுக்கு இன்னா தெரியும்?"

"இன்னாடி இது, படத்துக்குப் போறேன்னா இவ்ளோ பேச்சு? நான் சொன்னா சொன்னதுதான். சொல்லலன்னாலும் சொன்னதுதான்."

உள்ளே உட்கார்ந்திருந்த சாரா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். படத்தில் மேஜர் வாயைத் திறந்ததும் பேசுகிற முதல் வசனம் அதுதான்.

*

இரண்டு மணிக்குச் சங்கு ஊதியது. முதல் ஷிப்ட்டு மேலே வந்தது. அவர்கள் குளித்துவிட்டு வருவதற்கென்றே டாக்கீஸில் மேட்னி மூன்றரைக்குத்தான் தொடங்கும். மூன்றேகாலுக்கெல்லாம் இடமில்லை. பெண்டு பிள்ளைகள் ஒரு பக்கம், தலை ஈரம் காயாத ஆண்கள் ஒரு பக்கம்.

அன்று முழுக்க லீவு போட்டிருந்த சாரா பெண்கள் பக்கத்தில் ஓர் ஓரமாக உட்கார்ந்தாள். அப்பா கடைசி வரிசையில், ஆபரேட்டர் அறைக்கு நேர் கீழே, இரும்புக் கம்பித் தடுப்புக்குப் பக்கத்தில் இருந்தார். தடியை முன்னால் ஊன்றி அதன்மேல் இரண்டு கையையும் வைத்திருந்தார்.

அம்மா? அவளும் வந்துவிட்டாள். கொட்டகைக்குள் இல்லை, வெளியே சைக்கிள் ஸ்டாண்டு பெஞ்சில். தகரக் கூரைக் கொட்டகைதானே, உள்ளே பேசுவதெல்லாம் வெளியே கேட்கும். "பாக்கக் கூடாதுன்னுதான் சொல்லியிருக்காங்க. கேக்கக் கூடாதுன்னு சொல்லல" என்று சைக்கிள் ஸ்டாண்டுக்காரனிடம் சட்டம் பேசிவிட்டு, கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

படம் ஆரம்பித்தது. மேஜர் பங்களா வாசலில் நின்று, வாயில் வெல்லத்தை மென்றுகொண்டே சொன்னது:

"நான் சொன்னா சொன்னதுதான். சொல்லலன்னாலும் சொன்னதுதான்."

முந்நூறு தலை ஒன்றாகப் பின்பக்கம் திரும்பியது.

"ஏசுபாதண்ணே! எப்போ மெட்ராஸ் போயி நடிச்சிட்டு வந்தீங்க?"

"வெல்லம் தித்திப்பா இருந்துச்சாண்ணே?"

சிரிப்பென்றால் அப்படி ஒரு சிரிப்பு. மெட்ராஸ் விமர்சகர்கள் ஒரு கண்ணாடி உடைந்ததைப் பற்றித்தான் எழுதினார்கள். இங்கே ஒருத்தர் பெஞ்சோடு சாய்ந்தார். மெட்ராஸில் வேடிக்கையாக இருந்த பேச்சு இங்கே ஒவ்வொருத்தர் வீட்டுப் பேச்சாகவும் இருந்தது. "இன்னா, இன்னா?" என்று ராணி கேட்கும்போதெல்லாம் பெண்கள் பக்கத்திலிருந்து யாராவது ஒருத்தி பதில் சொன்னாள். 'எல்லாருக்கும் ஆச்சா' வந்தபோது சாராவுக்கு முன்னால் இருந்த அம்மாள் பக்கத்தில் இருந்தவளின் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னைத்தான்டி எழுதியிருக்கான் பாவி" என்று அழுதாள்.

எழுதின பாவி பின்னால்தான் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அந்தச் சிரிப்பும் அழுகையும் காதில் ஏறவில்லை. அடிக்கொரு தரம் பின்னால் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அவர் சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை. தடிமேல் வைத்த கை வைத்தபடியே இருந்தது.

கடைசிக் கட்டம் வந்தது. மலைமேல் தேயிலை மூட்டை இறக்குகிற கம்பிவட ட்ராலி. மழை கொட்டுகிறது. பங்களாக் குழந்தைகள் ஆறு பேரும் நாய்க்குட்டி நாலும் ட்ராலியில் ஏறிக்கொண்டார்கள். எஞ்சின்காரன் கீழே அறைக்குள் இருக்கிறான், அவனுக்கு மேலே நடப்பது தெரியாது. மேஜர்தான் குரைத்துச் சொல்ல வேண்டும். மேஜர் பாறைமேல் ஏறி நின்றது. கொட்டகை முழுக்க முன்னால் சாய்ந்தது.

வள். வள்.

இரண்டே இரண்டு. ட்ராலி இறங்க ஆரம்பித்தது.

சாரா பாதி எழுந்துவிட்டாள். 'மூன்று எங்கே?'

டங்!

கடைசி வரிசையில் இரும்புக் கம்பிமேல் தடி ஓங்கி விழுந்தது. ஒரே ஓர் அடி.

மேலே ஆபரேட்டர் அறையில் சிரில் பீடி பற்ற வைத்துக்கொண்டிருந்தார். அந்த ஓர் அடி காதில் விழுந்ததுதான் தெரியும். பன்னிரண்டு வருஷப் பழக்கம், கை தானாகப் போயிற்று. மோட்டாரை நிறுத்திவிட்டார். ட்ராலி, மழை, குழந்தைகள் எல்லாம் போய்த் திரை இருண்டது.

வேறு ஊராயிருந்தால் இந்நேரம் நாற்காலி பறந்திருக்கும். இங்கே ஒருத்தரும் கத்தவில்லை. ஒன்று அடித்தால் நிற்க வேண்டும் என்று அங்கே இருந்த அத்தனை பேருக்கும் தெரியும்.

ஆபரேட்டர் அறை ஜன்னல் திறந்தது. "யாருப்பா ஒண்ணு அடிச்சது?"

"நான்தான்டா சிரில்."

"இன்னாண்ணே ஆச்சு?"

"மூணு எங்கடா?" ஏசுபாதம் எழுந்துவிட்டார். "ஆறு குழந்தைங்க ஏறி உக்காந்திருக்குது. மூணு அடிக்காம ரெண்டு அடிச்சா கல்லுன்னு இல்ல விட்டுடுவான்? செத்துப் போவாங்கடா!"

யாரும் சிரிக்கவில்லை. முன் வரிசையில் இருந்து ஒரு குரல், "அண்ணன் சொல்றது சரிதான். மூணு எங்க?" என்றது. நாலு பக்கத்திலிருந்தும், "மூணு எங்க, மூணு எங்க?" என்று கிளம்பிவிட்டது.

"நீங்களே குடுங்கண்ணே" என்றார் சிரில்.

ஏசுபாதம் தடியைத் தூக்கினார். டங், டங், டங். அவரோடு சேர்ந்து முந்நூறு பேர் காலும் தரையில் மூன்று முறை விழுந்தது. சிரில் தன் அறைத் தகரத்தில் மூன்று திருப்பித் தட்டினார். கொட்டகையில் குழந்தைகூட அசையவில்லை. பிறகு ஏசுபாதம் இரண்டு அடித்தார்.

ட்ராலி இறங்கியது. குழந்தைகள் பிழைத்தார்கள். அந்தக் கைதட்டல் லைன் வரைக்கும் கேட்டது என்று பிற்பாடு சொன்னார்கள்.

*

வீட்டுக்கு ஏசுபாதம் முன்னால் நடந்தார், அம்மாவும் பெண்ணும் பின்னால். வழியெல்லாம் ஜனங்கள் அவரை நிறுத்திக் கை கொடுத்தார்கள். அவர் கை கொடுத்துவிட்டு மேலே நடந்தார்.

"ஒண்ணு அடிச்சது எனக்கு வெளிய கேட்டுது" என்று நேசமணி கிசுகிசுத்தாள். "யாருக்கு இன்னா ஆச்சோன்னு கூடையைக் கீழ போட்டுட்டேன்."

வீட்டில் அவர் பெஞ்சில் உட்கார்ந்ததும் முதல் கேள்வி. "சம்பங்கின்றது யாரு?"

சாரா எதிரில் வந்து நின்றாள். "நான்தான்பா."

"அப்போ நான் நாயா?"

சாரா தலையை மட்டும் ஆட்டினாள்.

"சரி. நாய் நல்ல நாய்தான். பங்களாவைக் காக்குது, குட்டிங்களைக் காக்குது. பேச்சும் என் பேச்சுதான், ஒத்துக்கறேன். எனக்கே ரெண்டு எடத்துல சிரிப்பு வந்துச்சு, அடக்கிக்கினேன். அதில எனக்குக் கோவம் இல்ல." அவர் கை தடியை இறுக்கிப் பிடித்தது. "முப்பத்தோரு வருஷத்துல ஒரு நாள், ஒரே ஒரு நாள் நான் மூணு அடிக்காம ரெண்டு அடிச்சதில்ல. அதைத்தானே பெருமைன்னு வெச்சிருந்தேன். ஊரெல்லாம் ஓடற படத்துல ஏசுபாதம் ஆளைக் கல்லுன்னு அனுப்பிட்டான்னு காட்டிட்டியேம்மா!"

சாரா உள்ளே ஓடினாள். டிரங்குப் பெட்டியைத் திறந்து, தான் எழுதினதின் கார்பன் காப்பியைக் கொண்டுவந்து அவர் முன்னால் விரித்தாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலை வைத்துப் படித்தார்.

'மேஜர் மூன்று முறை குரைக்கிறது. எஞ்சின் அறையிலிருந்து மூன்று தட்டு திரும்பி வரும்வரை அசையாமல் காத்திருக்கிறது. வந்த பிறகே இரண்டு முறை குரைக்கிறது. இதில் ஒன்றையும் குறைக்க வேண்டாம்.'

"வெட்டிட்டாங்கப்பா. படம் நீளமாப் போச்சாம். பத்திரிகையில 'ஏன் ரெண்டு'ன்னு கேட்டிருந்தான், அவன் எண்ணினது தப்புன்னு நெனச்சேன். இன்னிக்குப் பாத்துதான் எனக்கே தெரியும்."

ஏசுபாதம் அந்த நாலு வரியைத் திரும்பவும் படித்தார். மூன்றாம் தடவையும் படித்தார். வீட்டில் யாரும் காது கொடுக்கவில்லை என்று அவர் நினைத்திருந்ததெல்லாம் அதில் இருந்தது. அவர் கண் கலங்கியது, கண்ணாடியைத் துடைப்பது போலத் துடைத்துக்கொண்டார். உடனே கோபம் மெட்ராஸ் பக்கம் திரும்பிவிட்டது.

"நீளமா? மூணு குரைக்க எத்தினி நேரம் ஆவும்?" மார்பை நிமிர்த்தி உட்கார்ந்தார். "வள்! வள்! வள்! பாத்தியா, ஆச்சு. மூணு செகண்டு! இதைச் சேமிச்சு இன்னா பண்ணப் போறான் அவன்?"

பக்கத்து வீட்டு நாய் பதிலுக்குக் குரைத்தது. நேசமணி வாயைப் பொத்திக்கொண்டாள், முடியவில்லை, வெடித்துச் சிரித்துவிட்டாள். சாராவும் சிரித்தாள். கடைசியில் அந்தக் கிழட்டு மேஜரும் சிரித்தார்.

"எழுதும்மா" என்றார். "அந்தப் பத்திரிகைக்காரன் ஏன் ரெண்டுன்னு புரியலன்னானாமே, அவனுக்கு எழுது."

அவர் சொல்லச் சொல்ல சாரா எழுதினாள். இதோ, அந்த விமர்சனம்:

'ஐயா, படம் பார்த்தேன். நல்ல படம். வீட்டோடு பார்க்கலாம். பெரிய நாய் நன்றாக நடித்திருக்கிறது. தாய் நாயின் குணம் என் சம்சாரத்தின் குணம். வசனத்தில் ஒரு குறையும் இல்லை, எழுதியது என் மகள். தாங்கள் ஏன் இரண்டு என்று கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு முன்னால் மூன்று இருக்கிறது, வெட்டிவிட்டார்கள். அந்த மூன்றை மறுபடி சேர்க்கும்வரை எங்கள் ஊரில் நாங்களே அடித்துக்கொள்கிறோம். இப்படிக்கு, ஏசுபாதம், மணி அடிப்பவர், ஓய்வு.'

"என் சம்சாரத்தின் குணம்னு போட்டீங்களா?" நேசமணி எட்டிப் பார்த்தாள். தட்டுகளை எடுத்து வைத்தவள், வழக்கமான வார்த்தைக்கு வாயைத் திறந்து, சாராவைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். பிறகு முதல் தட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்தாள். "இன்னிக்கு எனக்கு மொதல்ல போடு. பசிக்குது" என்றாள்.

சாரா போட்டாள். போட்டுவிட்டுக் கைப்பையைத் திறந்து மெட்ராஸ் கடிதத்தை அப்பாவிடம் நீட்டினாள்.

அவர் படித்தார். அடுத்த படம், ஆறு மாதம், திங்கட்கிழமைக்குள் பதில். கடைசியில் ஒரு வரி: 'ஞாயிறு காலை வண்டியில் தங்கவயலுக்கு வருகிறேன், படம் எப்படி ஓடுகிறது என்று பார்க்க.'

ஏசுபாதம் கடிதத்தை மடித்தார். பெஞ்சுமேல் விரல் முட்டியால் தட்டினார். டக், டக், டக்.

நேசமணி தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள். அது வீட்டை விட்டு ஆள் கிளம்பும்போது தட்டுகிற தட்டு.

சாரா குனிந்து, அதே பெஞ்சில், மூன்று திருப்பித் தட்டினாள். கண்ணீர் பெஞ்சிலேயே சொட்டியது.

அவர் கை மேலே போயிற்று. அங்கேயே நின்றது.

"ரெண்டு அப்புறம்."

"எப்போப்பா?"

"மூணு குரைப்பை வெட்டறவன் கிட்ட என் பொண்ணை நான் எப்படி அனுப்பறது? ஞாயித்துக்கிழமை வராரு இல்ல உங்க டைரக்டரு, வரட்டும். என் எதிர்ல உக்காந்து, வெட்டினதைச் சேக்கறேன்னு சொல்லட்டும். அதுக்கப்புறம் அடிக்கறேன்."

தூக்கின கையை மடியில் வைத்துக்கொண்டு, "சோறு போடும்மா" என்றார். சாரா விரல் முட்டியைப் பெஞ்சிலிருந்து எடுக்காமலே நின்றாள்.